திரவ உலோகத்தில் இழுவை சென்சார் செய்வது எப்படி

குழாயை இழுக்கும்போது அதன் மின்தடை ஏறுவதை வைத்து எவ்வளவு நீண்டது என்று அளக்கும் சென்சார் இது. முதலில் கலவை. எடையில் 75.5 பங்கு கேலியம், 24.5 பங்கு இண்டியம், கண்ணாடிக் குடுவையில் போட்டு லேசாகச் சூடாக்கிக் கிளறினால் போதும், சுமார் 15.5 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்தாலும் உறையாத வெள்ளி நிறத் திரவம் கிடைக்கும். கையுறை கட்டாயம். அலுமினியம் பக்கத்திலேயே இருக்கக் கூடாது, கேலியம் அதற்குள் ஊடுருவி உதிர வைத்துவிடும்.

அப்புறம் 0.5 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிக்கோன் குழாய் 10 செ.மீ. எடுங்கள். ஒரு முனையில் சிரிஞ்சால் மெதுவாக ஏற்றுங்கள், மறுமுனை காற்று வெளியேறத் திறந்தே இருக்கட்டும். நடுவில் ஒரு குமிழி நின்றாலும் அளவு தாறுமாறாகும், அதனால் இங்கே அவசரமே வேண்டாம். இரு முனையிலும் இரண்டிரண்டு செம்புக் கம்பிகளைச் செருகி சிலிக்கோன் பசையால் அடைத்துவிடுங்கள்.

ஏன் இரண்டிரண்டு? இதன் மின்தடை வெறும் 0.15 ஓம்தான், சாதாரண மல்டிமீட்டரில் அதன் கம்பிகளின் தடையே இதை விழுங்கிவிடும். ஒவ்வொரு முனையிலிருந்தும் ஒரு கம்பி எடுத்தால் ஒரு ஜோடி. வெளி ஜோடியில் 100 மில்லிஆம்பியர் நிலையான மின்னோட்டம் கொடுத்து உள் ஜோடியில் மின்னழுத்தத்தை அளந்தால் சுமார் 15 மில்லிவோல்ட் வரும்.

இப்போது இழுத்துப் பாருங்கள். குழாய் நீளும்போது மெலியவும் செய்வதால், தடை நீளத்தின் வர்க்கத்தைப் போல ஏறும்: ஒன்றரை மடங்கு இழுத்தால் 2.25 மடங்கு. திடக் கம்பி அதற்கு முன்பே அறுந்துவிடும், எனக்கு இதில் பிடித்ததே அதுதான். வெப்பத்திலும் தடை கொஞ்சம் மாறும், அதனால் அளவுத்திருத்தத்தை, அதாவது எவ்வளவு நீளத்துக்கு எவ்வளவு தடை என்று குறித்துக்கொள்வதை, ஒரே வெப்பநிலையில் செய்யுங்கள்.