மோரிஸ் மைனரின் எண்ணெயில் கலந்த ரேடியேட்டர் நீர்

பினாங்கு ஜெலுத்தோங்கில் நாங்கள் பேணிவரும் அப்பாவின் 1964ஆம் ஆண்டு மோரிஸ் மைனரில், எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் ஒருநாள் பால் கலந்த தேநீர் நிறத்தில் குழம்பு படிந்திருந்தது. குறுகிய தூரமே ஓடும் காரில் ஈரப்பதத்தாலும் இப்படிப் படியும் என்பதால், அதை மட்டும் வைத்து நான் முடிவுக்கு வரவில்லை. ஆனால் தரையில் ஒரு சொட்டுக்கூட ஒழுகாமலேயே ரேடியேட்டரில் நீர் குறைந்துகொண்டிருந்தது.

எஞ்சினை இரவு முழுவதும் ஓய்வாக விட்டு, காலையில் எண்ணெய்த் தொட்டியின் அடித்திருகை மெல்லத் தளர்த்தினேன். நீர் எண்ணெயைவிடக் கனமானது. ஆகவே எண்ணெய்க்கு முன்னதாகப் பச்சை நிற ரேடியேட்டர் நீரே வடிந்தது. அந்நிலையில் ஓட்டினால் பேரிங்குகள் கெட்டுவிடும் என்று அஞ்சி, காரை அப்படியே நிறுத்திவிட்டேன்.

என்னைக் குழப்பியது அடுத்த சோதனைதான். நான்கு சிலிண்டர்களின் அழுத்தமும் சமமாகவே இருந்தது, பிளக்குகளும் காய்ந்திருந்தன. பட்டறை அண்ணன் பார்த்துவிட்டு, "தண்ணி சிலிண்டருக்குள்ள போகல தம்பி, புஷ்ராட் ஓட்டைப் பக்கம் பாரு" என்றார். புஷ்ராட் என்பது வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பி; இந்த எஞ்சினில் அது செல்லும் துளைகள் நேரே எண்ணெய்ப் பகுதிக்கு இறங்குகின்றன. ரேடியேட்டருக்குக் கைப்பம்பால் 7 பிஎஸ்ஐ அழுத்தம் கொடுத்தபோது பம்பின் அழுத்தமானி முள் மெதுவாக இறங்கியது; உள்ளே எங்கோ கசிவு இருந்தது.

சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றியதும், அதன் அடியில் கசிவைத் தடுக்கும் தகடான கேஸ்கெட்டில் நீர்த்துளையிலிருந்து புஷ்ராட் துளை வரை நகக்கீறல் அகலத்தில் ஒரு துருக்கோடு தெரிந்தது. சற்றே வளைந்திருந்த ஹெட்டைச் சமப்படுத்தி, புதிய கேஸ்கெட் வைத்து, நடுவிலிருந்து வெளிப்புறமாக நட்டுகளை முறுக்கி, எண்ணெயை இருமுறை மாற்றினேன். இரண்டாம் முறை ஊற்றிய எண்ணெய் தெளிவாகவே இருக்கிறது.