ஃபோர்டு எஃப்-150: கேம் டைமிங் கோடு வந்தால் முதலில் ஆயில் பிரஷரை அளங்கள்

2004 முதல் 2010 வரையிலான எஃப்-150 பிக்கப்பில் வந்த 5.4 லிட்டர், மூன்று வால்வு டிரைட்டன் எஞ்சினைப் பற்றியது இது. சூடானபின் ஐடிலில் டகடகவென்று சத்தம், கூடவே கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) பின்தங்கியதாகச் சொல்லும் பி0012 அல்லது பி0022 என்ற பிழைக் குறியீடு, அதாவது கோடு. உடனே ஃபேஸரை, அதாவது கேமின் நேரத்தை முன்பின் நகர்த்தும் பாகத்தை, மாற்றச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். ஃபேஸரைத் திருப்புவதே ஆயில் பிரஷர்தான். பிரஷர் இல்லாத எஞ்சினில் புது ஃபேஸரும் அப்படியே தட்டும்.

1. ஆயிலைப் பாருங்கள். அளவு குறைவாகவோ கருத்துக் கெட்டியாகவோ இருந்தால் ஃபில்டரோடு மாற்றிவிட்டு மேலே போங்கள். 5டபிள்யூ-20, சுமார் 6.6 லிட்டர் பிடிக்கும்.

2. டாஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். அங்கே இருப்பது வெறும் சுவிட்ச். சுமார் 6 பிஎஸ்ஐ தாண்டினாலே முள் நடுவில் போய் நின்றுகொள்ளும். 10 இருந்தாலும் 60 இருந்தாலும் ஒரே இடம்தான்.

3. டிரைவர் பக்கம் முன்னால், ஆயில் ஃபில்டர் பொருந்தும் அடாப்டரில் அந்த சுவிட்ச் இருக்கிறது. அதைக் கழற்றி, அதே மரைக்குப் பொருந்தும் மெக்கானிக்கல் கேஜை மாட்டுங்கள்.

4. வண்டியை 20 நிமிடமாவது ஓட்டிவிட்டு அளங்கள். நிறுத்தி வைத்துச் சூடாக்கினால் தண்ணீர் சூடாகும், ஆயில் அவ்வளவு சூடாகாது. கேஜ் பொய்யாக நல்ல எண் காட்டும். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பிரேக்கை மிதித்தபடி டிரைவ் கியரில் ஐடில் பிரஷரைப் பாருங்கள். மெக்கானிக்குகள் வைத்திருக்கும் கணக்கு 25 பிஎஸ்ஐ. அதற்குக் கீழே போனால் கேம் பக்கம் போகவே வேண்டாம்: டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும், பிளாஸ்டிக் உடல் கொண்ட டென்ஷனரின் சீல் பிதுங்கி ஆயில் கசிவது இந்த எஞ்சினின் தெரிந்த வியாதி. அடுத்தது ஆயில் பம்பு, பிறகு பேரிங் தேய்மானம்.

5. பிரஷர் சரி என்றால் ஸ்கேன் கருவியில் இரண்டு பேங்குக்கும் (எஞ்சினின் இரு பக்க சிலிண்டர் வரிசைகள்) கணினி கேட்ட கேம் கோணத்தையும் உண்மையில் கிடைத்த கோணத்தையும் ஒப்பிடுங்கள். பேங்க் 1 பயணி பக்கம். இரண்டும் சேர்ந்து பின்தங்கினால் மறுபடி ஆயில் சந்தேகம். ஒன்று மட்டும் என்றால் அந்தப் பக்கத்து சோலனாய்டு (ஃபேஸருக்குப் போகும் ஆயிலைக் கட்டுப்படுத்தும் மின் வால்வு), ஃபேஸர், டென்ஷனர்.

6. எஞ்சினை அணைத்து, இரண்டு சோலனாய்டு கனெக்டர்களையும் கழற்றி, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பி0010, பி0020 வரும், பின்னால் அழித்துக்கொள்ளலாம். குலுங்கிய ஐடில் சீரானால், கேமை இடம் தவற வைத்தது சோலனாய்டுக்கு வந்த கட்டளைதான். எதுவும் மாறாமல் சத்தம் மட்டும் நீடித்தால் ஃபேஸரை அசையாமல் பிடிக்கும் பூட்டு ஊசி தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

7. வால்வு கவரைத் திறந்து சோலனாய்டுகளை இடம் மாற்றிப் போடுங்கள். கோடும் கூடவே பக்கம் மாறினால் சோலனாய்டு போய்விட்டது. அதே பக்கம் நின்றால் ஃபேஸர் அல்லது அதற்கு ஆயில் போகும் வழி.

ஃபேஸர் மாற்றவே வேண்டியிருந்தால் செயின், கைடு, டென்ஷனர் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். வார்ப்பிரும்பு டென்ஷனர் போடுவது நல்லது. ஃபேஸர் போல்ட் ஒருமுறைதான் உதவும். புதியதை 40 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கி, அதன் மேல் 90 டிகிரி திருப்புங்கள்.