லினக்ஸ் கர்னலில் பெர்-சிபியு மாறிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே எண்ணியைப் பல ப்ராசஸர்கள் கூட்டிக்கொண்டிருந்தால், அந்த எண்ணி இருக்கும் கேஷ் லைன் (ப்ராசஸரின் வேக நினைவகத்தில் ஒரே அலகாக நகரும் சிறு துண்டு) அவற்றுக்கிடையே ஓயாமல் அலையும். கூட்டலைவிட அந்த அலைச்சலுக்கே அதிக நேரம் செலவாகும். இதைத் தவிர்க்கவே லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில் ஒவ்வொரு ப்ராசஸருக்கும் தனித்தனிப் பிரதி கொண்ட பெர்-சிபியு மாறிகள் இருக்கின்றன. ஒரு பிரதியில் அதற்குரிய ப்ராசஸர் மட்டுமே எழுதும் என்ற ஏற்பாடு நிலைக்கும் வரை லாக் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் அனுமதிக்கும் பூட்டு) தேவையில்லை. அந்த ஏற்பாட்டைத் தெரியாமல் உடைப்பதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

முதலாவதும் மிகப் பரவலானதுமான தவறு, ப்ரீஎம்ப்ஷனை (ஓடும் டாஸ்க்கை இடையில் நிறுத்தி வேறொன்றை ஓட்டுவதை) நிறுத்தாமல் 'திஸ்_சிபியு_பிடிஆர்' மூலம் அப்போதைய ப்ராசஸரின் பிரதிக்கான பாயின்டரை எடுத்து, அதைக் கையில் வைத்துக்கொண்டே வேலை செய்வது. இடையில் ஷெட்யூலர் (எந்த டாஸ்க் எங்கே ஓடும் என முடிவு செய்யும் பகுதி) அந்த டாஸ்க்கை வேறொரு ப்ராசஸருக்கு மாற்றிவிட்டால், பாயின்டர் பழைய ப்ராசஸரின் பிரதியையே காட்டிக்கொண்டிருக்கும். இருவர் ஒரே பிரதியில் எழுத, சில கூட்டல்கள் தொலைந்துபோகும். கர்னல் நின்றுவிடாது, எண்ணிக்கை மட்டும் சற்றே குறையும் என்பதால் இது நெடுநாள் கண்ணில் படாமலே இருக்கும். 'கான்ஃபிக்_டீபக்_ப்ரீஎம்ப்ட்' என்ற கர்னல் அமைப்பு இயக்கப்பட்டிருந்தால் எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கையை அடக்குவதற்காக, அந்தச் சோதனை இல்லாமல் பாயின்டரைத் தரும் 'ரா_சிபியு_பிடிஆர்' என்று மாற்றி எழுதுவது, என் பார்வையில், மூலத் தவறைவிட மோசமானது.

ஒற்றை எண்ணியைக் கூட்டுவதற்கு 'திஸ்_சிபியு_இன்க்' போதும். எக்ஸ்86-64-இல் இது ஜிஎஸ் ரெஜிஸ்டரை அடிப்படையாகக் கொண்ட ஒரே இன்ஸ்ட்ரக்ஷனாக அமைகிறது. இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் அழைப்பு) நடுவில் புக வழியில்லை, லாக் ப்ரீஃபிக்ஸும் (பிற ப்ராசஸர்கள் குறுக்கிடாமல் காக்கும் முன்னொட்டு) வேண்டியதில்லை. இதன் முன்னால் இரட்டை அடிக்கோடு கொண்ட வடிவம் எந்தப் பாதுகாப்பையும் தருவதில்லை. ஆனால் எக்ஸ்86-இல் அதுவும் பெரும்பாலும் அதே இன்ஸ்ட்ரக்ஷனாகவே முடிவதால், அங்கே எத்தனை முறை சோதித்தாலும் பிழை வெளிப்படாது. ஆர்ம்64-இல் அதுவே படித்தல், கூட்டல், எழுதுதல் எனப் பிரிந்துபோக, இடையில் வரும் இன்டரப்ட் அதே மாறியைத் தொட்டால் கணக்குக் கெடும். மாறாக, ஒரே ஸ்ட்ரக்சரின் பல புலங்களை மாற்ற வேண்டுமென்றால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே 'திஸ்_சிபியு' செயல்களை அழைப்பதைவிட, ப்ரீஎம்ப்ஷனை ஒருமுறை நிறுத்திப் பாயின்டரை எடுத்துக்கொள்வதே எக்ஸ்86 அல்லாத கட்டமைப்புகளில் சிக்கனமானது.

ஆனால் அந்தப் பகுதிக்குள் சாதாரண ஸ்பின்லாக்கை (வழக்கமாக, கிடைக்கும் வரை உறங்காமல் சுழன்று காத்திருக்கும் லாக்) எடுக்கக் கூடாது. 2024-இல் 6.12 பதிப்பில் மெயின்லைனுக்குள் (அதிகாரபூர்வ மூலக் கர்னலுக்குள்) முழுமையாக வந்த, நிகழ்நேரப் பயன்பாட்டுக்கான ப்ரீஎம்ப்ட்_ஆர்டி-யில் ஸ்பின்லாக் உறங்கக்கூடியது. ப்ரீஎம்ப்ஷன் நிறுத்தப்பட்ட இடத்தில் உறங்குவது பிழை. இத்தகைய இடங்களுக்கென்றே 2020-இல் 5.8 பதிப்பில் 'லோக்கல்_லாக்' சேர்க்கப்பட்டது.

மற்றொரு ப்ராசஸரின் பிரதியில் எழுதுவது அடுத்த தவறு. புள்ளிவிவரங்களைப் பூஜ்யமாக்கும் கோட் இதற்கு வழக்கமான உதாரணம். உரிய ப்ராசஸர் லாக் ப்ரீஃபிக்ஸ் இல்லாமல் கூட்டிக்கொண்டிருக்கும்போது வெளியிலிருந்து பூஜ்யம் எழுதினால், அடுத்த நொடியே பழைய மதிப்பு திரும்பிவந்துவிடக்கூடும். அப்போதைய கூட்டுத்தொகையைக் குறித்துவைத்து, பின்னர் காட்டும்போது அதைக் கழித்துவிடுவது எளிது, பிழையற்றது.

கூட்டுத்தொகை காணும்போது இயங்கிக்கொண்டிருக்கும் ப்ராசஸர்களை மட்டும் சுற்றிவந்தால், ஆஃப்லைனுக்குப் போன ப்ராசஸரின் கணக்கு விடுபடும். சாத்தியமான எல்லா ப்ராசஸர்களையும் சுற்ற வேண்டும், அல்லது ஹாட்பிளக் கால்பேக்கில் (ப்ராசஸர் சேரும்போதும் விலகும்போதும் அழைக்கப்படும் செயலில்) அந்தக் கணக்கை வேறொன்றில் சேர்த்துவிட வேண்டும்.

பிரதிகளில் எண்ணி, அவ்வப்போது பொதுத்தொகையில் சேர்க்கும் 'பெர்சிபியு_கவுண்டர்' பயன்படுத்துவோர் அதன் தோராயத்தை மறந்துவிடுகிறார்கள். அதன் பேட்ச் அளவு (ஒரு பிரதி பொதுத்தொகையில் சேருமுன் எட்டக்கூடிய வரம்பு) இயல்பாக 32 அல்லது ப்ராசஸர் எண்ணிக்கையின் இருமடங்கு, இவற்றில் பெரியது. 64 ப்ராசஸர்களில் அது 128. ஆகவே வேகமாகப் படித்துக் கிடைக்கும் மதிப்பு உண்மையிலிருந்து சுமார் 8,000 வரை விலகியிருக்கலாம். இதற்கு அஞ்சி, அடிக்கடி ஓடும் பாதையில் துல்லியமான 'சம்' செயலை அழைத்தால், அது லாக்கை எடுத்துக்கொண்டு எல்லாப் பிரதிகளையும் தொடும். தவிர்க்க நினைத்த அலைச்சலே திரும்பிவரும். வரம்புக்கு அருகில் வரும்போது மட்டும் துல்லியக் கணக்கை நாடும் 'கம்பேர்' செயல் இதற்காகவே இருக்கிறது.

ப்ராசஸர் எண்ணைக் கொண்டு அணுகும் சாதாரண அர்ரேயைப் பெர்-சிபியு மாறிக்கு ஈடாக எண்ணுவதும் தவறே: 64 பைட் கேஷ் லைனில் எட்டு பைட் எண்ணிகள் எட்டு அடுத்தடுத்து அமர்ந்துவிட, எட்டு ப்ராசஸர்களும் ஒரே லைனுக்குப் போட்டியிடும்.