பிக்கப் வண்டியின் ஷாஃப்ட் அதிர்வை வீட்டிலேயே கண்டறிந்து சரிசெய்யும் முறை

ராயக்கோட்டை, பாலக்கோடு பகுதிகளில் தக்காளியும் கிருஷ்ணகிரியில் மாங்காயும் ஏற்றி ஓடும் பிக்கப் வண்டிகளில், குறிப்பிட்ட ஒரு வேகத்தைத் தொட்டதும் இருக்கையின் அடியில் அதிர்வு எழுந்தால், பலர் உடனே கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிடுகிறார்கள். அது முறையன்று. கழற்றுவதற்கு முன் செய்யும் சோதனைகளே குற்றம் எங்கே உள்ளது என்பதைக் காட்டும்.

முதலில் நெரிசல் இல்லாத சமமான சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் ஆடினால் முன்சக்கரங்களைச் சந்தேகிக்கலாம். தரையும் இருக்கையும் அதிர்ந்தால் குற்றம் பெரும்பாலும் பின்பக்கம் இருக்கும். பின் அச்சின் பல் விகிதம் ஏறத்தாழ 4-க்கு 1 என்றிருக்கும் வண்டியில், சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்குள் ஷாஃப்ட் நான்கு முறை சுற்றிவிடுவதால், சக்கரத்தின் குற்றம் மெதுவான உதறலாகவும் ஷாஃப்ட்டின் குற்றம் இரைச்சலோடு கூடிய விரைவான நடுக்கமாகவும் தெரியும். அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். இன்ஜின் சுழற்சி கூடியும் அதிர்வு மாறவில்லை என்றால் இன்ஜின் காரணமன்று. நியூட்ரலில் உருட்டிப் பார்க்கும் சோதனையைத் தொப்பூர்க் கணவாய் போன்ற இறக்கங்களில் ஒருபோதும் செய்யக் கூடாது.

அடுத்து வண்டியின் அடிப்பகுதி. கெட்டியான சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, பின் அச்சை இரண்டு ஸ்டாண்டுகளின் மேல் அமர்த்தி, சாவியை எடுத்துவிட்ட பிறகுதான் உள்ளே படுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும். தோட்டத்து வழியில் ஒட்டிய செம்மண் ஷாஃப்ட்டின் ஒரு பக்கத்தில் காய்ந்து கிடந்தாலே சமநிலை கெடும் என்பதால், முதலில் கழுவுங்கள். பிறகு குழாயில் நசுங்கல் உள்ளதா, சமநிலைக்காகப் பற்றவைத்த எடைத் தகடு விழுந்த தடம் தெரிகிறதா என்று பாருங்கள்.

ஷாஃப்ட்டின் முனைகளில் உள்ள சிலுவை வடிவ இணைப்பான கிராஸை ஆராயும்போது, அதன் இரு பக்கங்களிலும் உள்ள கவை வடிவ யோக்குகளை ஒவ்வொரு கையால் பிடித்து எதிரெதிர்த் திசையில் முறுக்க வேண்டும். ஷாஃப்ட்டை மட்டும் பிடித்துத் திருப்பினால், பின் அச்சுக்குள் உள்ள கிரௌன் பினியன் பற்களுக்கு இடையே இயல்பாக உள்ள இடைவெளியும் ஆட்டமாகத் தோன்றி ஏமாற்றிவிடும். இரு யோக்குகளுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் கிராஸ் தேய்ந்துவிட்டது. கிராஸின் நான்கு முனைகளையும் மூடியிருக்கும் கிண்ணங்களின் விளிம்பில் செம்பழுப்புத் தூள் படிந்திருந்தால், கிரீஸ் வற்றி உள்ளிருக்கும் ஊசி பேரிங்குகள் துருப்பிடித்துவிட்டன என்று பொருள்; அதற்கு மேல் கிரீஸ் அடித்துப் பயனில்லை. இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் அதை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பரையும் பாருங்கள். அது கிழிந்திருந்தால் பாரத்தோடு வண்டியை எடுக்கும்போதே உதறும்.

கழற்றுவதற்கு முன், ஷாஃப்ட்டைப் போல்ட்டால் இணைக்கும் ஃபிளேஞ்சுகளிலும், ஷாஃப்ட்டின் நீளம் கூடிக் குறைய இடம்தரும் பல் இணைப்பான வழுக்கு ஸ்ப்ளைனின் இரு பகுதிகளிலும் பெயின்ட்டால் நேர்க்கோடு போட்டுக்கொள்வது கட்டாயம். சாய்வாக வேலை செய்யும் ஒரு கிராஸ், ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும் இயல்புடையது. மறுமுனைக் கிராஸ் அதை ஈடுசெய்ய, இரு முனை யோக்குகளும் தயாரிப்பாளர் அமைத்த நேரிலேயே இருக்க வேண்டும். ஸ்ப்ளைன் ஒரு பல் தள்ளி ஏறினால்கூடப் புதிய கிராஸ் போட்டும் அதிர்வு நிற்காது. கிண்ணங்களைப் பிடித்திருக்கும் லாக்குகளை எடுத்து அவற்றை வெளியேற்றும்போது, வைஸில் யோக்கைப் பிடிக்கலாம், குழாயைப் பிடிக்கக் கூடாது. புதிய கிண்ணத்தை அழுத்தும்போது ஓர் ஊசி சரிந்தாலும் கிண்ணம் முழுமையாக உட்காராது; லாக் காடியில் விழவில்லை என்றால் அடித்து ஏற்றாமல் பிரித்துப் பாருங்கள். கிரீஸ் அடிக்கும் நிப்பிள் இருந்தால், நான்கு கிண்ணங்களிலிருந்தும் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள்.

இவ்வளவு செய்தும் அதிர்வு நீடித்தால், ஸ்பிரிங் பட்டைகளைக் கவனியுங்கள். கூடுதல் பாரத்துக்காகப் பட்டை சேர்ப்பது பின் அச்சின் உயரத்தை மாற்றி, கிராஸ்களின் சாய்வுக் கோணத்தையும் மாற்றிவிடுகிறது. காலியாக ஓடும்போது மட்டும் அதிர்ந்து, பாரம் ஏற்றியதும் அடங்கும் வண்டியில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

வளைந்த குழாயையும் எடைத் தகடு விழுந்த ஷாஃப்ட்டையும் வீட்டில் சரிசெய்ய முயலாமல், பேலன்சிங் இயந்திரம் உள்ள பட்டறைக்கு அனுப்புங்கள். மீண்டும் பூட்டும்போது பழைய லாக் நட்டுகளைத் தவிர்த்து, கையேட்டில் உள்ள முறுக்கு அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, முதல் பாரம் இறக்கிய பிறகு ஒருமுறை மீண்டும் சரிபாருங்கள்.