மிளகாய்க் கன்றும் வேர்ப்பங்கசும்: என் அனுபவம்

கிளிநொச்சியில் உள்ள எங்கள் மேட்டுக்காணி, பற்றை அகற்றிய இயந்திரத்தால் மேல்மண் வழிக்கப்பட்டு நெடுநாள் வெறுந்தரையாகக் கிடந்ததால், அங்கே நட்ட மிளகாய்க் கன்றுகள் பசளை இட்டும் குன்றியே நின்றன. இலையின் அடிப்புறத்தில் பொசுபரசுக் குறைவைக் காட்டும் ஊதா படர்ந்திருந்தது. மண்ணில் எளிதில் நகராத பொசுபரசை, வேர் எட்டாத இடத்திலிருந்து எடுத்துவந்து கொடுக்கும் மைக்கோரைசாப் பங்கசு அங்கே அருகிவிட்டது என்று கருதினேன்.

இப்பங்கசு உயிருள்ள வேரில் மட்டுமே பெருகும். ஆகவே உழாத வேலியோரத்தில் புல்வேர் செறிந்த மண்ணை எடுத்து, மணலுடன் கலந்து, உரப்பைகளில் நிரப்பிச் சோளம் விதைத்தேன். 10 முதல் 12 கிழமைகளில் பை முழுவதும் வேர் நிறைந்துவிடும். பின்னர் நீரை நிறுத்தி, தண்டை வெட்டி, வேரை நறுக்கி அம்மண்ணோடு கலந்து, நாற்றுமேடையில் விதைக்கு நேர் கீழே மெல்லிய படையாக இட்டேன். முளைவேர் அதைத் தொட வேண்டும் என்பதே முக்கியம், மேலே தூவுவதில் பயன் குறைவு. வாடல் நோய் கண்ட கத்தரி, மிளகாய் நின்ற மண்ணை ஒருபோதும் எடுக்கக் கூடாது. ரி.எஸ்.பி. என்ற பொசுபரசுப் பசளையையும் குறைத்தேன், ஏனெனில் பொசுபரசு மிகுந்தால் வேரில் பங்கசு குடியேறுவது தடைப்படும்.

அடுத்த காலபோகத்தில் கன்றைப் பிடுங்கியபோது, மண் பொருபொருத்த சிறு கட்டிகளாக வேரைப் பற்றிக்கொண்டு வந்தது. பங்கசு இடாத வரிசையில் அது தூளாக உதிர்ந்தது. கோவா, பீற்றூட் வேர்களில் இப்பங்கசு குடியேறாது, ஆகவே அவற்றுக்கு இவ்வழி உதவாது. இப்போது சிறுபோகத்தில் காணியை வெறுமையாக விடாமல் கௌபி விதைக்கிறேன்.