டர்போப்ராப் கியர்பாக்ஸ்: புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

டர்பைன் எஞ்சின் புரொப்பல்லரைச் சுற்றவைத்தால் அது டர்போப்ராப்; இரண்டுக்கும் நடுவில் இருப்பது கியர்பாக்ஸ். விமானங்களைப் பராமரிக்கும் ஹேங்கருக்குப் புதிதாக வருகிறவர்களைப் பார்க்கிறேன். எங்கள் காலத்தில் நடந்த அதே தவறுகள்தான் இன்றும் நடக்கின்றன. போல்ட்டை இறுக்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதை யாராவது பார்த்துப் பிடித்துவிடுவார்கள்.

கியர்பாக்ஸ் சக்தியைக் குறைக்கிறது என்று நினைப்பது

குறைவது வேகம்தான். பிடி6ஏ என்ற டர்போப்ராப் எஞ்சினில், புரொப்பல்லருக்குச் சக்தி தரும் பவர் டர்பைன் நிமிடத்துக்குச் சுமார் 30,000 சுற்று சுற்றுகிறது. இரண்டரை மீட்டர் விட்டமுள்ள புரொப்பல்லரை அதே வேகத்தில் சுற்றவிட்டால், அதன் நுனி ஒலியைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாகப் போக வேண்டும். நடக்கிற காரியமா? அதனால் இரண்டு கட்டப் பிளானட்டரி கியர் (நடுவிலுள்ள பற்சக்கரத்தைச் சுற்றிச் சிறிய பற்சக்கரங்கள் இருக்கும் அமைப்பு) வைத்து 2,000 சுற்றுக்குக் கொண்டுவருகிறார்கள். வேகம் 15 மடங்கு குறைந்தால் டார்க், அதாவது திருப்பும் விசை, ஏறக்குறைய 15 மடங்கு ஏறும். அதைத் தாங்குவது சின்னச் சின்னப் பற்கள்.

எஞ்சின் வெப்பநிலையை மட்டும் கவனிப்பது

குளிர்ந்த காற்றில், தாழப் பறக்கும்போது, வெப்பநிலை எல்லைக்கு முன்னால் டார்க் எல்லைதான் வரும். அதே சக்தியில் புரொப்பல்லரை 2,000 சுற்றிலிருந்து 1,700க்கு இறக்கினால் டார்க் 17 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும்.

சிப் டிடெக்டரைத் துடைத்துவிட்டு மாட்டுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வரும். கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் காந்தச் செருகி அது. உலோகத் துகள் அதன் இரு முனைகளையும் இணைத்தால் காக்பிட்டில் விளக்கு எரியும். பயிற்சிக்கு வந்த ஒருவர் அதைக் கழற்றி, கந்தல் துணியால் பளிச்சென்று துடைத்து மாட்டிவிட்டார். மறுபடி விளக்கு எரிந்தது. "முதலில் வந்த துகள் எங்கே தம்பி?" என்று கேட்டேன். குப்பைத்தொட்டியைக் காட்டினார்.

போனது துகள் இல்லை, சாட்சி. மை போன்ற மெல்லிய பசை பெரும்பாலும் சாதாரணத் தேய்மானம். செதில் செதிலாக, ஊசி போல மின்னினால் பேரிங்கோ பல்லோ உரிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். ஆய்வகத்துக்கு அனுப்பினால் எந்த எஃகு என்று சொல்வார்கள், அதை வைத்து எந்தப் பாகம் என்று தேடலாம். அது கையில் இல்லாததால், பிரச்சினை எப்போது தொடங்கியது, எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கியர்பாக்ஸை இறக்கி முழுதாகப் பிரிக்க அனுப்பினோம். விமானம் அதுவரை தரையில் நின்றது.

துகளைச் சுத்தமான பையில் போட்டு, தேதியும் எஞ்சின் மணிநேரமும் எழுதுங்கள். அப்புறம் எண்ணெய் வடிகட்டியையும் திறந்து பாருங்கள்; காந்தத்தில் ஒட்டாத உலோகம் அங்கேதான் சிக்கும்.

வேறு வேறு பிராண்டு எண்ணெயைக் கலப்பது

வேண்டாம்.

புரொப்பல்லர் தரையில் தட்டிய பிறகும் ஓட்டுவது

புரொப்பல்லரின் பிளேடு நேராகத் தெரிந்தாலும் அடி உள்ளே கியர் வரை போயிருக்கலாம். கையேட்டில் உள்ள சோதனை முடியாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.