ஏ.ஆர்.டி. மாத்திரையை விடாமல் தொடரவைக்க: சேலம், ஏற்காடு களப்பணியாளர்களுக்கு

ஏ.ஆர்.டி. என்னும் எச்.ஐ.வி. கூட்டு மருந்தை 2004 ஏப்ரலில் இருந்து அரசு இலவசமாகத் தருகிறது. 2017-க்குப் பிறகு சி.டி.4 (ரத்தத்தில் நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) எவ்வளவு இருந்தாலும் உடனே தொடங்கலாம். அப்படியும் ஆட்கள் விட்டுப்போகிறார்கள். அலட்சியம் என்று எழுதி மூடிவிடாதீர்கள். நாகலூர் பக்கம் எஸ்டேட் வேலை பார்ப்பவர் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் ஜி.எச். வந்து போனால் ஒரு நாள் கூலி போச்சு. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் அதை யார் விடுவார்கள்?

அதனால் பறிப்பு தொடங்கும் முன்பே மாத்திரை வாங்க வரும் தேதிகளைப் பாருங்கள். வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு) கட்டுக்குள் இருந்து, மாத்திரையும் ஒழுங்காகப் போட்டுவருபவருக்கு 3 மாத மாத்திரையைச் சேர்த்துத் தரக் கேளுங்கள். பக்கத்தில் இணைப்பு ஏ.ஆர்.டி. மையம் (பெரிய மையத்தோடு சேர்ந்து மாத்திரை தரும் சிறு மையம்) இருந்தால் அங்கே மாற்றிவிடலாம். சங்ககிரி லாரி டிரைவர்களுக்கு வேறு வழி: சிகிச்சை விவரம் எழுதிய பச்சைப் புத்தகத்தை வண்டியிலேயே வைத்திருக்கட்டும். வெளி மாநிலத்தில் மாட்டிக்கொண்டால் அங்குள்ள ஏ.ஆர்.டி. மையத்தில் அதைக் காட்டி மாத்திரை கேட்கலாம்.

வரும்போதெல்லாம் டப்பாவோடு வரச்சொல்லி எண்ணுங்கள். 30 கொடுத்து 28 நாள் கழித்து வந்தால் 2 மீதி இருக்க வேண்டும். 5 இருந்தால் 28-க்கு 25தான் போட்டிருக்கிறார், 89 சதவீதம். 95-க்குக் கீழே என்றால் உட்காரவைத்துப் பேச வேண்டும். டப்பா காலியாக இருந்தாலும் கேளுங்கள். கணவனும் மனைவியும் ஒரே டப்பாவைப் பங்கு போட்டிருக்கலாம்.

டப்பா குலுங்கும் சத்தத்துக்குப் பயந்து மாத்திரையைக் காகிதத்தில் மடித்து வைப்பவர்கள் நிறைய. ஏற்காடு ஈரத்தில் அது நமத்துப்போகும். டப்பாவுக்குள் கொஞ்சம் சுத்தமான பஞ்சு வைத்தால் சத்தம் வராது. ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தை மட்டும் எடுக்கக் கூடாது.

இப்போது பெரும்பாலானோருக்கு டி.எல்.டி. ஒரே மாத்திரை: டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மி.கி. ராத்திரி தூக்கம் கெட்டால் காலைக்கு மாற்றச் சொல்லுங்கள். அல்சர் என்று ஜெலுசில் குடிப்பவரிடம் அழுத்திச் சொல்லுங்கள்: அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோதான் இந்த மாத்திரை. சேர்த்துப் போட்டால் டோலுடெக்ராவிர் உடம்பில் சேராது. வெறும் வயிற்றில் போடும் இரும்பு, கால்சியம் மாத்திரைக்கும் இதே கணக்கு. டி.பி.க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்கு 12 மணி நேரம் கழித்து இன்னொரு டோலுடெக்ராவிர் 50 வேண்டும்; டாக்டரிடம் அனுப்புங்கள்.

தேதிக்கு முந்தைய நாளே போன் போடுங்கள். எந்த நம்பர், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது என்பதை முதன்முதலில் வரும்போதே நோயாளியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வேறு ஆள் எடுத்தால் எங்கிருந்து பேசுகிறோம் என்று சொல்லாதீர்கள். நோயாளியின் சம்மதம் இல்லாமல் நோயை வெளியே சொல்வது 2017 எச்.ஐ.வி. சட்டப்படி தவறு. வீட்டுக்குப் போவதும் சம்மதம் வாங்கித்தான். துறை ஸ்டிக்கர் ஒட்டிய வண்டியில் எஸ்டேட் லயனுக்குள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) போனால் அடுத்த தடவை ஆள் கிடைக்கமாட்டார்.

பல மாதம் விட்டுத் திரும்பி வந்தவரைத் திட்டாதீர்கள். இருமல், காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வியர்வை, இந்த நான்கையும் கேளுங்கள். ஒன்று இருந்தாலும் முதலில் டி.பி. பரிசோதனை. எதுவும் இல்லை என்றால், டாக்டரைப் பார்க்கவைத்து, கையில் மாத்திரையோடு அன்றைக்கே அனுப்பப் பாருங்கள். சி.டி.4-க்கு ரத்தம் எடுக்கட்டும். 200-க்குக் கீழே இருந்தால் மற்ற தொற்றுகளையும் தேட வேண்டியிருக்கும்.